பாகற்காய் வைத்தியம்

சின்னவளின் விரல் சூப்பலை நிறுத்த எங்கள் தெருவே கமிட்டி போட்டு இறங்கிவிட்டது. பலன் இன்று மத்தியானச் சாப்பாட்டில் தெரிந்தது.

எதிர் வீட்டு அக்கா சொன்னது மிளகாய்ப்பொடி. அதே கையால் கண்ணைக் கசக்கினால் என்ன செய்வது என்றேன், "எங்க பிள்ளைங்களுக்கெல்லாம் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?" என்று கதவைச் சாத்திக்கொண்டார். அத்தை வேப்பெண்ணெய்ப் பாட்டிலோடு வந்தார். சின்னப் பிள்ளைகள் வயிற்றுக்குள் அது போனால் வாந்தி, வலிப்பு வரை வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் பாட்டிலைப் பரணில் ஏற்றினேன். பெரும்பாலான பிள்ளைகள் 2 வயதிலிருந்து 4 வயதுக்குள் தானாகவே விட்டுவிடும், 6 வயது வாக்கில் நிலைப்பல் முளைக்கும்போதும் சூப்பிக்கொண்டிருந்தால்தான் கவலை என்றும் அவர் சொல்லியிருந்தார். இவளுக்கு மூன்றரைதான். ஆனால் அத்தைக்குப் பொறுக்கவில்லை. "எத்துப்பல்லு வந்தா யாரு கட்டிக்குவா?"

இத்தனைக்கும் அவர் மகன் நாலாங்கிளாஸ் வரை சூப்பினவர். கேட்டால், "அவன் தூங்கறப்ப மட்டும்தான்." ஐந்தாம் மாத ஸ்கேனில் இவள் வாயில் விரல் தெரிந்தபோது, "இப்பவே சூப்புது என் தங்கம்" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டதும் இதே அத்தைதான். இன்றைக்கும் இவள் ஒரு கையைச் சூப்பிக்கொண்டு மறு கையால் காது மடலைத் தேடுவாளே, அதற்குத் தோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் படுப்பதும் அவர்தான்.

கடைசியில் சமரசம், பாகற்காய்ச் சாறு. முதல் நாள் ராத்திரி தடவினேன். வாயில் வைத்தாள், உடம்பெல்லாம் சிலிர்த்தது, விரலை வெளியே எடுத்துக் கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் இடது கட்டை விரல் உள்ளே போனது. சரி, அதிலும் தடவினோம். இரண்டையும் சுத்தமாக நக்கி முடித்துவிட்டு நிம்மதியாகச் சூப்பினாள். ரெண்டு நாளில், "அம்மா, கசப்பு போடு" என்று அவளே விரலை நீட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

இன்றைக்குப் பாகற்காய் வறுவல். தன் தட்டில் இருந்ததைத் தின்றுவிட்டு, அப்பா வழக்கம்போல ஓரமாக ஒதுக்கி வைத்ததையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றாள். இவர் முகத்தைப் பார்க்கணுமே! "பாத்தியா, என் வைத்தியம்" என்கிறார் அத்தை. எது உங்கள் வைத்தியம், உங்கள் பாட்டில் பரணில் அல்லவா இருக்கிறது? கை கழுவிய கையோடு விரல் மறுபடி வாய்க்குள்.

இனிமேல் அரைக் கிலோ பாகற்காய் பத்தாது. இவருக்கு மட்டும் தனியாக உருளைக்கிழங்காம்.