தண்ணி கசியாத தையல்

மார்ச் 4, செவ்வாய்

பின்மண்டையில் மெனிஞ்சியோமா, மூளை உறையில் வளரும் கட்டி. ஐம்பது தாண்டிய அம்மா. கட்டி முழுசாக வந்துவிட்டது. டியூராவை, அதாவது மூளையின் வெளியுறையை, மூடச் சொல்லி சார் ஊசியை என்னிடம் நீட்டினார். அப்போதுதான் கவனித்தேன், மைக்ராஸ்கோப் வெளிச்சத்தில் உறை காய்ந்து சுருண்டு கிடக்கிறது. சலைனில் நனைத்த பஞ்சை அதன்மேல் மாற்றி மாற்றிப் போடுவது என் பொறுப்பு. கட்டியை வேடிக்கை பார்த்ததில் மறந்துபோனேன். விளிம்பு சேரவில்லை, நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி. இழுத்துப் பிடித்துத் தைத்தால் ஊசித் துளையே கிழியும்.

"அப்பளமா பொரிச்சு வச்சிருக்க" என்றார் சார். அதற்கு மேல் திட்டவில்லை, அதுதான் வலித்தது.

மண்டையோட்டின்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வான பெரிகிரேனியத்தில் ஒரு துண்டை உரித்துத் தந்தார். ஈரக் காகிதம்போல வழவழவென்று விரலில் ஒட்டுகிறது. 4-0 நூலில் நெருக்கமாகச் சுற்றித் தைத்தேன். கசிவு இருந்தால் தெரியட்டும் என்று மயக்க மருத்துவர் மூச்சழுத்தத்தைக் கூட்டிப் பிடித்தார். ஒரு மூலையில் பனித்துளிபோல் தெளிவாக ஒரு முத்து. அங்கே இன்னொரு தையல், மேலே ஃபைப்ரின் பசை.

மார்ச் 5, புதன்

கடையில் மாட்டு இதய உறையில் செய்த ஒட்டு கிடைக்கிறதே, எதற்கு உரிக்க வேண்டும் என்று கேட்டேன். அது விலை, இது ஓசி, உடம்பும் ஏற்றுக்கொள்ளும் என்றார் சார். பிறகு லயோடியூரா கதை. இறந்தவர்களின் டியூராவைப் பதப்படுத்தி விற்றார்கள். அதன் வழியே குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் என்ற, மூளையை அழித்து உயிரைப் பறிக்கும் நோய் தொற்றியது 1987இல் தெரியவந்தது. ஜப்பானில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், பலருக்கு அறுவை முடிந்து பல வருடங்கள் கழித்து. அங்கே தடை வந்தது 1997இல்தான். பத்து வருடம்!

பழைய அரபு மருத்துவர்கள் மூளை உறையைத் 'தாய்' என்றார்களாம். லத்தீனில் அது 'கடினத் தாய்', டியூரா மேட்டர். நான் காய வைத்தது அந்தத் தாயைத்தான்.

மார்ச் 8, சனி

காலை ரவுண்ட்ஸ். "வேர்வைன்னு நெனச்சேன் டாக்டர்" என்று மகள் தலையணையைத் திருப்பிக் காட்டினார். கட்டுத்துணியான காஸில் நடுவே சிவப்புப் புள்ளி, சுற்றிலும் வெளிறிய வளையம்: ரத்தத்தோடு மூளைநீரும் கசிகிறதோ? என் வயிறு கலங்கியது. மூளைநீரில் சர்க்கரை இருக்குமே, சர்க்கரைப் பட்டையில் தொட்டுப் பார்க்கலாமா என்றேன். ரத்தத்திலும் சர்க்கரை உண்டு, அதை நம்பாதே என்றார் சார்.

மூளையும் தண்டுவடமும் மிதக்கும் நீர் சுமார் 150 மில்லி. ஊறுவதோ நாளுக்கு 500. சின்னப் பொத்தல் கிடைத்தால் போதும், வெளியே வந்துகொண்டே இருக்கும். அந்த வழியில் கிருமி உள்ளே போனால் மூளைக்காய்ச்சல். தோலில் இரண்டு தையல் கூடுதலாகப் போட்டு, இடுப்பில் ட்ரெயின், அதாவது அந்த நீரைப் பைக்குள் வடிக்கும் குழாய், வைத்தோம். மணிக்கு 10 மில்லி, அதற்கு மேல் கூடாது.

மார்ச் 10, திங்கள்

கஞ்சி கொடுக்க வசதியாக மகள் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திவிட்டார். பை மட்டம் மாறி, நீர் மடமடவென்று இறங்கியது. சிஸ்டர் ஓடிவந்து குழாயைப் பூட்டினார். அம்மாவுக்குத் தலை பிளக்கும் வலி, நல்லவேளையாக அதோடு போயிற்று. "யாரும் சொல்லலியே" என்றார் மகள். உண்மைதான், நான் சொல்லவில்லை. பூட்டின்மேல் தமிழில் எழுதி ஒட்டினேன்.

மார்ச் 14, வெள்ளி

ட்ரெயின் எடுத்து ஒரு நாள். காஸ் காய்ந்தே இருக்கிறது. "தலைக்கு எப்ப ஊத்தலாம்?" என்று கேட்கிறார் அம்மா.

மதியம் வேறொரு கேஸ். டியூராமேல் பஞ்சை நனைத்துக்கொண்டே இருந்தேன். "போதும் டாக்டர், என் செருப்பெல்லாம் சலைன்" என்றார் சிஸ்டர்.