முதுகில் இருபது பொட்டு: பேட்ச் டெஸ்ட் செய்துகொண்ட கதை

ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் சிமெண்ட் டைல்) போடும் பட்டறையில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் கலர் ஊற்றி, அதன் மேல் உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, பிறகு ஈரக் கலவையை அப்பி அமுக்க வேண்டும், இதில் கை காய்கிற நேரம் என்று ஒன்று கிடையாது. போன வருடம் விரல் இடுக்கில் அரிக்க ஆரம்பித்து, அப்புறம் வெடித்து நீர் கோத்து, சட்டைப் பட்டன் போடக்கூட வீட்டில் ஆளைக் கூப்பிடுகிற நிலைமை.

அப்பத்தாவுக்குச் சந்தேகமே இல்லை. "கத்திரிக்காயும் கருவாடுமாத் தின்னா கரப்பான் வராம என்னடா செய்யும்?" மருந்துக் கடையில் கொடுத்த களிம்பு போட்டால் அடங்கும், விட்டால் திரும்ப வரும். இடையில் ஒரு லேபில் அலர்ஜிக்கு ரத்தப் பரிசோதனை என்று பெரிய பட்டியலாகக் கொடுத்தார்கள், அதைப் பார்த்து 4 மாதம் இறாலும் கருவாடும் இல்லாமல் சாப்பிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. தொட்டதால் நாள் கழித்து வரும் இந்த வகை அலர்ஜி அந்த ரத்தப் பரிசோதனையில் தெரியாது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

மதுரையில் தோல் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "வேலை இல்லாத நாள்ல குறையுதா?" பொங்கலுக்குப் பட்டறை பூட்டிய பத்து நாளில் கை பாதி ஆறியிருந்தது. கால் மட்டும் ஆறவில்லை, அதை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

எந்தப் பொருள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முதுகில் ஒட்டிப் பார்ப்பதுதான் பேட்ச் டெஸ்ட். வெயில் ஏறினால் வியர்வையில் டேப் கிளம்பிவிடும் என்று அதற்கு மாசியிலேயே வரச் சொன்னார். ஸ்டீராய்டு மாத்திரை கூடாது, முதுகில் எந்தக் களிம்பும் கூடாது. திங்கட்கிழமை, பட்டன் அளவு அலுமினியக் கிண்ணங்களில் வாஸ்லினில் குழைத்த மருந்துகளை வைத்து, வரிசை வரிசையாக முதுகில் ஒட்டி, பேனாவால் குறி போட்டார்கள். நிக்கல், குரோமேட், கோபால்ட், தலைச்சாயத்தில் இருப்பது, ரப்பரில் இருப்பது, வாசனைப் பொருள் என்று போனது. ஊசி எதுவும் இல்லை.

வலி கிடையாது, கஷ்டம் வேறு. வெள்ளி வரை முதுகில் தண்ணீர் படக்கூடாது, குனிந்து எதையும் தூக்கக்கூடாது, குப்புறத்தான் படுக்கை. புதன்கிழமை டேப்பை எடுத்து அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தார்கள், இரண்டாவது வரிசையில் ஒரு இடம் மட்டும் லேசாகச் சிவந்திருந்தது. இவ்வளவுதானா, காசு போச்சே என்றுதான் நினைத்தேன். அன்றிரவே அந்த ஒரே புள்ளி அரித்த அரிப்பு இருக்கிறதே! வீட்டில் சொறிந்துவிடச் சொன்னேன், "ஏங்க, டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வெள்ளிக்கிழமை போனபோது அது தடித்து, மேலே கடுகு கடுகாகக் கொப்புளம். இரண்டு பிளஸ், அதாவது பலமான அலர்ஜி. குரோமேட். புதனோடு போதும் என்று ஊரிலேயே இருந்துவிடாதீர்கள், என் விஷயத்தில் இரண்டாவது பார்வைதான் சொன்னது.

சிமெண்டில் இருக்கும் குரோமேட் ஈரத்தில் கரைந்து தோலுக்குள் இறங்குகிறதாம். ஐரோப்பாவில் 2005 முதல் அதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தி, இரும்பு சல்பேட் கலந்து குறைக்கிறார்கள் என்றார். அப்புறம் என் காலைப் பார்த்துவிட்டு, "தோல் செருப்பா?" என்றார். தோல் பதனிடவும் குரோமியம்தானாம். பாதத்தில் வார் படுகிற இடத்தில் மட்டும், வார் அகலத்துக்கே, கறுத்து வெடித்திருந்தது. இத்தனை மாதம் நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்த கால்தான்.

ரப்பர் மருந்துகள் வைத்த இடம் எதுவும் எனக்குச் சிவக்கவில்லை என்பதால் உள்ளே பருத்தி உறை, மேலே முழங்கை வரை ரப்பர் உறை. அச்சுக்குள் கலர் ஊற்றும்போது விரல் மரத்த மாதிரி இருக்கிறது, முதல் வாரம் நாலைந்து கல் கோணிப்போனது. செருப்பு இப்போது ரப்பர். கை முழுசாக ஆறவில்லை, ஆனால் பட்டனை நானே போட்டுக்கொள்கிறேன். கத்திரிக்காயும் தொடங்கியாயிற்று, அப்பத்தாதான் பரிமாறுவதில்லை.