ஹட்டிப் பாட்டுக்கு ஒரு வீடியோ தளம்

நீலகிரிப் படுகர்கள் கொண்டாடும் ஹெத்தையம்மன் பண்டிகை வருகிறது, அதற்கு முன்னால் எங்கள் தளத்தைத் திறந்துவிடுகிறோம். படுகப் பாட்டு வீடியோக்களுக்கு மட்டும். கோத்தகிரியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து செய்கிற வேலை, பார்க்கக் காசு கிடையாது. "அதுதான் யூடியூப் இருக்கே, இது எதுக்கு?" என்று எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

யூடியூபில் படுகப் பாட்டு நிறைய இருக்கிறது, உண்மைதான். ஆனால் மனதில் நிற்கிற ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, இதைப் பாடியவர் யார், எந்த ஹட்டிக்காரர் (ஹட்டி என்றால் படுகர் ஊர்), மெட்டு யாருடையது என்று தேடிப் பாருங்கள். பல வீடியோக்களில் ஒரு பெயர்கூட இருக்காது. பழைய கேசட்டிலிருந்து பாட்டை எடுத்து, மேலே ஒரு தேயிலைத் தோட்டப் படத்தை ஒட்டி ஒருவர் ஏற்றியிருப்பார், அதை இன்னொருவர் இறக்கித் தன் சேனலில் போட்டிருப்பார், பாடிய அம்மாவோ பக்கத்து ஊரில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார், அவருக்கு இந்தச் சங்கதியே தெரியாது. எனக்குப் பொறுக்காதது இதுதான். 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று உறுதி செய்தார்கள். ஆனால் பெயரே தெரியாதவருக்கு யார் எந்தப் பங்கைக் கொண்டுபோய்க் கொடுப்பது? அதனால் எங்கள் தளத்தில் பாடியவர், எழுதியவர், இசை, ஆடியவர்கள், ஊர், இவ்வளவும் இல்லாமல் ஒரு வீடியோவும் ஏறாது.

உலகத்துப் பெரிய கம்பெனிகளே இப்படி ஒரு முயற்சியில் இறங்கியவைதான். 2009 டிசம்பரில் யுனிவர்சலும் சோனியும் அபுதாபி மீடியாவும் சேர்ந்து வீவோ என்கிற மியூசிக் வீடியோ சேவையை அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கின. இணையத்தில் சிதறிக் கிடந்த வீடியோக்களை நல்ல தரத்தில் ஒரே இடத்தில் கொடுத்து, விளம்பரக் காசை உரிமைக்காரர்கள் பக்கம் திருப்புவதுதான் திட்டம். வீடியோவை ஓட்டும் தொழில்நுட்பம் யூடியூபுடையது. அவ்வளவு பணமும் அத்தனை நட்சத்திரங்களும் இருந்தும், 2018-இல் வீவோ தன் சொந்த இணையதளத்தையும் செல்போன் செயலிகளையும் நிறுத்திவிட்டு யூடியூபிலேயே கவனம் செலுத்துவதாகச் சொல்லிவிட்டது. ஜனங்கள் ஏற்கெனவே ஓரிடத்தில் கூடியிருக்கும்போது அவர்களை வேறு வாசலுக்குக் கூப்பிடுவது அவ்வளவு கஷ்டம். இதை நாங்கள் நெடுநேரம் பேசித்தான் முடிவெடுத்தோம்: பாட்டெல்லாம் யூடியூபிலும் இருக்கும், அதே பெயர் விவரங்களோடு. கோவையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிற நம் பிள்ளைகள் அங்கேயே கேட்டுக்கொள்ளட்டும்.

அப்புறம் எதற்குத் தனித் தளம் என்றால், சிக்னல். 2016-இல் ஜியோ வந்த பிறகு டேட்டா மலிவானது சரிதான், ஆனால் டவருக்கும் ஹட்டிக்கும் நடுவில் ஒரு மலை நின்றால் மலிவாக இருந்து என்ன பயன்? கோடநாடு பக்கம் ஒரு வளைவில் நாலு கோடு காட்டும் போன் அடுத்த வளைவில் செத்துப்போகும். நாலு நிமிடப் பாட்டை நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில், அதாவது நல்ல ஹெச்டி தரத்தில் பார்த்தால், கிட்டத்தட்ட 150 எம்பி ஆகும். அதே பாட்டை 128 கிலோபிட் ஆடியோவாக மட்டும் கேட்டால் 4 எம்பிகூட ஆகாது. இப்போது பெரிய வீடியோ சேவைகள் பாட்டைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் வைத்துக்கொண்டு, சிக்னலுக்குத் தகுந்த துண்டை அனுப்புகின்றன. நாங்களும் அதைத்தான் செய்கிறோம், ஆனால் தொடக்கமே ஆக அடியிலிருக்கும் தரத்தில்தான். படம் மங்கலாக வந்தாலும் பாட்டு நடுவில் நிற்கக் கூடாது. வீடியோவை அணைத்துவிட்டுக் கேட்க மட்டும் ஒரு பொத்தானும் உண்டு, எங்கள் பாட்டிமாருக்கு அதுதான் வேண்டும்.

தேடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் படுகு மொழிக்குப் பரவலாகப் புழங்கும் தனி எழுத்து இல்லாததால் ஒருவர் ஹெத்தே என்று எழுதுவார், இன்னொருவர் எத்தை என்பார். எப்படி அடித்தாலும் கிடைக்கும்படி ஒவ்வொரு பாட்டுக்கும் நாங்களே கையால் எல்லா எழுத்துக்கூட்டலையும் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். மெதுவான வேலை.

எல்லாப் பாட்டையும் ஏற்ற மாட்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாவு வீட்டுப் பாட்டுகளையும் கோயிலுக்குள் மட்டும் பாடுவதையும் ஊர்ப் பெரியவர்கள் சரி என்று சொன்னால் தவிரத் தொட மாட்டோம். நீலகிரியின் இன்னொரு பழங்குடியான கோத்தர்களின் வாத்திய இசையையும் இதில் சேர்க்கலாமே என்று சிலர் கேட்டார்கள். எனக்கும் அது உயிர், ஆனால் அவர்கள் இசையை எங்கே வைப்பது என்று சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான், நாங்கள் இல்லை.

உங்களிடம் பாட்டு இருந்தால் அனுப்புங்கள், பாடியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பெயர்களோடு. வீட்டில் பழைய கேசட் இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். ஓடுகிற டெக் ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஈரத்தில் நாடா ஒட்டிப்போன மாதிரி தெரிந்தால் நீங்கள் ஓட்டிப் பார்க்க வேண்டாம், அறுந்துவிடும், அப்படியே கொண்டுவந்து கொடுங்கள்.