மயிலிட்டி போன கதையும் அன்னச் சின்னமும்

யாழ்ப்பாணப் பயணத்தைப் பற்றி, நல்லூர், கோட்டை, எங்கே எவ்வளவு செலவு என்று வரிசையாக எழுதத்தான் நினைத்திருந்தேன். அங்கே வடகரையில் இருக்கும் மயிலிட்டிக்குப் போய் வந்ததிலிருந்து மனம் அந்த ஊரிலேயே நிற்கிறது.

அதற்கு முன் அந்த பஸ்ஸைத் திட்டியாக வேண்டும். கொழும்பிலிருந்து இராத்திரி ஏசி பஸ், 2,800 ரூபா. புத்தளம் வருவதற்குள் ஏசி நின்றுவிட்டது. ஜன்னல் திறக்காது. பின் சீட்டில் ஒரு குழந்தை வியர்த்து அழுதபடியே வந்தது. கேட்டால், "போய்ச் சேர்ந்தால் சரிதானே" என்கிறார் நடத்துநர். சரியே இல்லை. வாங்கிய காசில் பாதியையாவது திருப்பித் தந்திருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இறங்கியதும் முதல் ஓட்டோக்காரர் மயிலிட்டி போய்வர 6,000 கேட்டார். இரண்டு நாளுக்கு என் கையில் இருந்ததே 15,000. கொஞ்சம் நடந்து போய், அறுபது வயது தாண்டிய ஒருவரிடம் 3,500க்குப் பேசி ஏறினேன். "மயிலிட்டியிலை ஆரிட்டைத் தம்பி போறியள்? நான் அந்த ஊர்தான்" என்றார்.

1990இல் ஊரை விட்டு வெளியேறியவர். உயர் பாதுகாப்பு வலயம் என்று இராணுவம் அடைத்த நிலத்துக்குள் அவர் வீடும் போயிற்று. 2002இல் சமாதானப் பேச்சு நடந்தபோது திரும்பிவிடலாம் என்று நம்பியிருக்கிறார். அப்போது யாழ்ப்பாணத்தில் இராணுவத் தளபதி சரத் பொன்சேகா. புலிகள் ஆயுதத்தைக் கீழே வைக்காமல் வலயத்தைத் தளர்த்த முடியாது என்று அந்த டிசம்பரில் அவர் மறுத்தார். 2005இல் இராணுவத்துக்கே தளபதியானார். இந்த நாடு சிங்களவருக்கு உரியது என்று 2008இல் ஒரு கனடாப் பத்திரிகைக்குச் சொன்னதும் அவர்தான். 2009 மேயில் போர் முடிந்தது. வெற்றி யாருடையது என்பதில் ராஜபக்சக்களுடன் முறுகிக்கொண்டு, எதிர்க்கட்சிகளின் பொது வேட்பாளராக 2010 ஜனாதிபதித் தேர்தலில், அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவை எதிர்த்து அன்னச் சின்னத்தில் நின்றார். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அவரை ஆதரித்தது.

யாழ்ப்பாண மாவட்டத்தில் நாலில் ஒருவர்தான் வாக்களிக்கப் போனார். போட்ட வாக்கில் 63 வீதத்துக்கு மேல் பொன்சேகாவுக்கு. இது எனக்கு என்றைக்குமே விளங்கியதில்லை. தெல்லிப்பழை தாண்டும்போது, "ஐயா, நீங்களுமா?" என்று கேட்டேவிட்டேன்.

"ஓம். மல்லாகத்திலை முகாமிலை இருந்து போய் அன்னத்துக்குப் புள்ளடி போட்டனான். அவருக்கெண்டு போடேல்லைத் தம்பி. மற்றவர் திரும்பி வரக்கூடாதெண்டு போட்டனான். எங்களிட்டை வேறை என்ன இருந்தது?"

கொழும்பிலிருந்து கொண்டு இந்த மக்களுக்கு மறதி என்று நானும் பேசியிருக்கிறேன். அது தப்பு. வீட்டுக்குப் போகாதே என்றவரையே தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்க எவ்வளவு கசப்பை விழுங்கியிருக்க வேண்டும்! நாடளாவில் பொன்சேகா 40 வீதத்தோடு தோற்றார். இரண்டு வாரத்துக்குள் கைதானார், 2012 வரை சிறை. 2015இல் பீல்ட் மார்ஷல் பட்டம், பிறகு அமைச்சர் பதவி. 2024இல் மறுபடி ஜனாதிபதித் தேர்தலில் நின்றபோது முழு நாட்டிலும் கிடைத்தது சுமார் 22,000 வாக்கு. எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை.

மயிலிட்டித் துறைமுகத்துப் பக்கம் ஒரு கொட்டில் கடையில் சாப்பிட்டோம். குத்தரிசிச் சோறு, விளைமீன் குழம்பு, முருங்கைக்காய், சொதி. குழம்பில் புளியும் உறைப்பும் அப்படியொரு அளவு! மீன் காலையில் பிடித்தது, விரல் பட்டதும் பூப்போல விரிந்தது. இரண்டு பேருக்கும் 1,300 ரூபாதான். கொழும்பில் இந்த மீனுக்கு மட்டும் அதைக் கேட்பார்கள். யாழ்ப்பாணம் போகிறவர்கள் நகரத்துக்குள்ளேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்பாதீர்கள்.

அப்புறம் ஓட்டோக்கார ஐயா தன் காணியைக் காட்டினார். 2017இல் துறைமுகத்தோடு விடுவித்த நிலம். வீடு இல்லை. கிணறு இருந்தது, கட்டு உடைந்து. பற்றைக்குள் ஒரு பாய் அகலத்துக்குச் சிவப்புச் சீமெந்துத் தரை தெரிந்தது. "இது குசினி" என்றார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்றார். நானும் கழற்றினேன்.