வெளிநாட்டு அன்ரிமார்

மீன்காரத் தம்பி எங்கள் வீட்டுக்கு இரண்டு விலை வைத்திருக்கிறான். என்னோடு இருக்கும் சிநேகிதி ரீச்சர் வாசலுக்குப் போனால் சூடை மீன் ஒரு விலை, நான் போனால் வேறு விலை. "நீங்கள் வெளிநாட்டு அன்ரிதானே" என்று சிரிக்கிறான். பிறந்து வளர்ந்தது இதே திருகோணமலையில்தான் என்று சொல்லிப் பார்த்தேன். நான் ஊரைவிட்டுப் போன பிறகு பிறந்த பிள்ளை அவன். அவனோடு என்ன வாதாட?

1990 இல் போனேன். கனடாவில், ஸ்காபரோவில் 34 வருடம். மற்றச் சிநேகிதி நேர்ஸும் அதே தெருவில்தான் இருந்தாள். (நேர்ஸ் என்பது நாங்கள் வைத்த பட்டம். அவளுக்கு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை.) கணவர் போன பிறகு ஒருநாள் சொன்னாள்: "இருபது வருசம் மற்றவையின்ட அம்மாமாரைக் குளிப்பாட்டியாச்சு. என்னை அங்க ஒருத்தரும் குளிப்பாட்ட வேண்டாமடி."

ஊருக்குத் திரும்பி வந்து மூன்று பேரும் ஒன்றாய் இருப்போம் என்று ஊரை விட்டு அசையாத ரீச்சரிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "படி ஏறுவீங்களோ?" 2004 சுனாமிக்குப் பிறகு கரையோர வீடு என்றால் அவளுக்கு ஆகாது. எனக்கோ டச்சு பே பக்கம் ஆசை. கடைசியில் ஓர்ஸ் ஹில்லில் ஒரு மேல்மாடி. மொட்டைமாடியில் நின்றால் துண்டுக் கடல் தெரியும். சரி, போதும்.

பிள்ளைகளுக்குத்தான் பயம். கணக்குப் போட்டுக் காட்டினோம். பதினெட்டு வயதுக்குப் பிறகு கனடாவில் 20 வருடம் இருந்தவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் எங்கே இருந்தாலும் வரும். வருமானம் குறைந்தவர்களுக்குத் தரும் மேலதிகப் பணம் மட்டும் கனடாவுக்கு வெளியே ஆறு மாதம் தாண்டினால் நின்றுவிடும். ஒன்டாரியோ மருத்துவ அட்டைக்கு 12 மாதத்தில் 153 நாள் அங்கே நிற்கவேண்டும். நேர்ஸ் அதை விட்டுவிட்டாள். நான் கோடைக்குப் போய் நிற்கப் போகிறேன். பயந்தாங்கொள்ளி என்கிறாள், உண்மைதான்.

மூன்று கிழவிகள் ஒரு குசினியில் இருப்பது லேசில்லை. நேர்ஸுக்கு ஃபேன் ஐந்தில் ஓடவேண்டும், ரீச்சருக்கு மூட்டு நோகும். ஞாயிற்றுக்கிழமைகளில் நேர்ஸ் எங்கள் பிரஷர் பார்த்துக் கொப்பியில் எழுதுவாள். ரீச்சர் சிவப்புப் பேனையால் அதைத் திருத்துவாள்!

நேற்று நேர்ஸ் பேரம் பேசி நூறு ரூபாய் குறைத்து வாங்கினாள். ஒரே பெருமை. கனடாவிலிருந்து கொண்டுவந்த சமையல் தராசில் ரீச்சர் மீனை வைத்துப் பார்த்தாள்.

ஒரு கிலோ என்று தந்தது முக்கால் கிலோ.