ஹரிக்கேன் இன்ஜினை இறக்கிவிட்டு எதை ஏற்றுவது?

சீசனின் கடைசி லோடு பெங்களூரா மாங்காயைக் கூழ் ஆலையில் இறக்கிவிட்டு வருகிறேன். என் பிக்கப் ஜீப்பின் தொட்டி காலிதான். சந்தூர் பக்கத்து மேட்டில் வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. கிருஷ்ணகிரி பழையபேட்டையிலிருந்து மெக்கானிக் பாய் வந்து பார்த்தார். "தம்பி, ஏற்கெனவே ரெண்டு தடவ போர் போட்டாச்சு. இன்னொரு தடவ போட்டா பிளாக் தாங்காது" என்றார். போர் என்றால் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது.

வண்டி 74 மாடல் மகேந்திரா பெட்ரோல் ஜீப். அப்பா ஏலத்தில் எடுத்து, பின்பக்கத்தை வெட்டித் தொட்டி கட்டி பிக்கப்பாக மாற்றினார். உள்ளே ஹரிக்கேன் இன்ஜின், 2199 சிசி. லோடு ஏற்றினால் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் கொடுக்கும், அதுவும் மனசு வைத்தால். டீசலுக்கு மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. எந்த டீசல் என்பதில்தான் மூன்று மாதம் போனது.

சித்தப்பா மகன் எடுத்த எடுப்பில் டாடா 207 இன்ஜின் என்றான். 2956 சிசி, தொப்பூர் கணவாயில் லாரிகளை எல்லாம் ஓவர்டேக் பண்ணலாமாம். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டியில் தொப்பூரில் ஓவர்டேக் பண்ணுகிற ஆளிடம் யோசனை கேட்டது என் தப்பு. அத்தனை எடையை முன்னால் வைத்தால் ஸ்பிரிங் பட்டை, ஷாக், ஸ்டியரிங் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போக வேண்டும்.

டெம்போ டிராக்ஸில் வந்த ஓஎம் 616 மேல் எனக்கு ஒரு ஆசை இருந்தது. மெர்சிடிஸ் வடிவமைப்பு, 2399 சிசி, ஓடும் சத்தமே தனி. ஆனால் இன்ஜினையும் கியர் பெட்டியையும் இணைக்கிற பெல் ஹவுசிங்கிலிருந்து இன்ஜின் மவுண்ட் வரை எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். சரி, அது வேண்டாம்.

மிச்சம் மகேந்திராவிலேயே வந்த இரண்டு. ஒன்று பியூஜோ எக்ஸ்டி3பி, 2498 சிசி. அதிர்வு குறைவு, ஆனால் மார்கழிக் காலையில் ஹீட்டர் பிளக் சூடாகும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். இன்னொன்று டிஐ, 2523 சிசி. டிராக்டர் வழி வந்த இன்ஜின், ஐடிலிங்கில் கண்ணாடி முதல் நம் பல் வரை ஆடும். ஆனால் டைரக்ட் இன்ஜெக்ஷன் என்பதால் சாவியைத் திருப்பினால் பிடித்துக்கொள்ளும். நாசில், பம்ப் வேலை தெரிந்தவர்கள் பர்கூரிலும் உண்டு, பாலக்கோட்டிலும் உண்டு.

சேலத்தில் ஒரு பழைய சாமான் கடையில் டிஐ ஒன்று இருந்தது. புது பெயின்ட், நீல நிறத்தில் பளபளப்பு. ஸ்டார்ட் செய்ததும் பாய் ஆயில் மூடியைக் கழற்றி, தலைகீழாக அதே ஓட்டையின் மேல் வைத்தார். மூடி கொதிக்கிற பானையின் தட்டு மாதிரி குதித்தது. ஓரமாகப் புகை. "பிஸ்டன் ரிங் போயிடுச்சு, பெயின்ட்டுக்கு மட்டும் காசு குடுக்கலாம்" என்று என் காதில் சொன்னார். கடைக்காரர் ஆக்சிலேட்டரை முறுக்கிக்காட்டிக்கொண்டே இருந்தார்.

இரண்டாவது இன்ஜின், விபத்தில் பின்பக்கம் நொறுங்கிய ஒரு ஜீப்பிலிருந்து வந்தது. மூடி லேசாக நடுங்கியதோடு சரி. இன்ஜின் எண்ணின் மேல் சாக்பீஸைத் தேய்த்துப் பார்த்தோம், வெட்டிக் கொத்திய அடையாளம் இல்லை. எண் போட்ட பில்லும் கையில் வாங்கிக்கொண்டேன். ஆர்.சி.யில் இன்ஜின் எண், எரிபொருள் இரண்டும் மாற வேண்டும், அதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி முன்னாலேயே வேண்டும். விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அனுமதி வராமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றுவதாக இல்லை.

நான் யோசிக்காமல் விட்டது கிரவுனை, அதாவது ஆக்ஸிலுக்குள் சக்கரத்தைச் சுழற்றுகிற பெரிய பல்சக்கரத்தை. அதைத் திருப்புகிற சின்னது பினியன். பாய் பின் ஆக்ஸில் மூடியைத் திறந்து பல் எண்ணச் சொன்னார். கிரவுன் 43, பினியன் 8. அதாவது 5.38, டாப் கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் அத்தனை சுற்று. பெட்ரோல் இன்ஜின் வேகமாகச் சுற்றும், அதற்கு இது பொருத்தம். டிஐ நிதானமாகச் சுற்றுகிற ஜாதி. என் டயர் ஒரு சுற்றுக்கு சுமார் 2.2 மீட்டர் போகும். கணக்குப் போட்டால் டாப் கியரில் 61 கிலோமீட்டர் வேகத்துக்கே 2500 ஆர்.பி.எம். நாற்பத்தி நாலாம் நம்பர் ஹைவேயில் கத்திக்கொண்டே போக வேண்டியதுதான். கிரவுன் 47, பினியன் 11 போட்டால் அதே சுற்றில் 77 வரும். ஆனால் தோட்டத்து வண்டிப்பாதையில் முழு லோடோடு ஏற 5.38தான் சுகம். நடுவில் 39க்கு 8 இருக்கிறது, சுமார் 68. அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி, அதனால் முன் ஆக்ஸிலுக்கும் அதே பல் வேண்டும். இரண்டு செட்.

பழைய மூன்று கியர் பெட்டியை டீசல் இழுவைக்கு நம்ப முடியாது. அதனால் இன்ஜினோடு அதன் நான்கு கியர் பெட்டியையும் சேர்த்தே வாங்கிவிட்டேன். இரண்டும் இப்போது மாமரத்தடியில், பழைய டயர்கள் மேல், தார்ப்பாய்க்குள். போன ஞாயிறு பாய் டேப்பை வைத்து அளந்துவிட்டு, கியர் ராடு எங்கே வரும் என்று வண்டியின் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுப் போனார். பாதி வட்டம் அப்பா உட்கார்ந்து ஓட்டிய சீட்டுக்கு அடியில் போகிறது.