60 நொடிக்குள் எழுந்திருக்காத போர்டு

நீரேற்று நிலையங்களில் வைத்திருந்த எங்கள் டேட்டா லாகர்களில் (அளவீடுகளைப் பதிவு செய்யும் கருவிகள்) சில, கரண்ட் போய் வந்தபின் எழுந்திருக்கவே மாட்டேன் என்றன. உள்ளே இருப்பது ஐ.எம்எக்ஸ்6 சிப், லினக்ஸின் மையமான கர்னலை ஏற்றிவிடும் பூட்லோடரான யூ-பூட், லினக்ஸ், கர்னலுக்குப் பின் மற்ற நிரல்களைத் தொடங்கும் சிஸ்டம்டி. பூட் செய்திகளைக் காட்டும் சீரியல் கன்சோலை மாட்டிப் பார்த்தால் யூ-பூட் வருகிறது, கர்னல் வருகிறது, ஃபைல் சிஸ்டம் சோதனை ஆரம்பிக்கிறது, பாதியில் மறுபடியும் யூ-பூட். விடிய விடிய இதே கதை.

இப்படி நடந்தால் எல்லோருக்கும் முதலில் பவர் சப்ளை மேல்தான் சந்தேகம் வரும். ஆனால் மின்னழுத்தம் சரிந்து வரும் ரீசெட் நேரங்காலம் பார்க்காது. இங்கே கர்னல் செய்திகளின் ஓரத்தில் வரும் நேரம், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நொடியில் நின்றது. யூ-பூட்டும் தொடக்கத்திலேயே ‘ரீசெட் காஸ்: டபிள்யூடாக்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது, அதாவது ரீசெட் செய்தது வாட்ச்டாக். குறித்த நேரத்துக்குள் மென்பொருள் ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று தட்டாவிட்டால் (இதுதான் ‘கிக்’) போர்டை ரீசெட் செய்யும் டைமர் அது. இந்த வரியை எல்லா போர்டிலும் நம்ப முடியாது. வாட்ச்டாக்கின் வெளிக்கால் பவர் சிப்புக்குப் போகும் வடிவமைப்பில் மொத்த மின்சாரமும் வெட்டுப்பட்டுத் திரும்ப வரும். கடித்தது வாட்ச்டாக்தான் என்றாலும் ‘பிஓஆர்’ (மின்சாரம் புதிதாக வந்ததால் ஆன ரீசெட்) என்றே காட்டும்.

உறுதி செய்துகொள்ள, இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (உண்மையான டிஸ்க் தயாராகும்வரை நினைவகத்தில் இருக்கும் சிறு தற்காலிக ஃபைல் சிஸ்டம்) வெறும் ஷெல்லை, அதாவது கட்டளை வரியை மட்டும் ஓட்டும்படி கர்னலுக்குச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டி உட்கார்ந்தேன். ஒரு வேலையும் நடக்காத அந்த ஷெல்லும் அதே நொடியில் செத்தது. யூ-பூட் பிராம்ப்டிலேயே நிறுத்தி வைத்தால் மட்டும் எவ்வளவு நேரமானாலும் ரீசெட் இல்லை, ஏனென்றால் அங்கே யூ-பூட்டே வாட்ச்டாக்கை கிக் செய்துகொண்டிருக்கிறது.

இந்தச் சிப்பின் வாட்ச்டாக் அரை நொடி அரை நொடியாக எண்ணும், அதிகபட்சம் 128 நொடி. ஒருமுறை ஓடவிட்டால் ரீசெட் வரும்வரை நிறுத்த வழியில்லை. எங்கள் யூ-பூட் அதை 60 நொடிக்கு ஓடவிட்டு, கடைசியாக ஒரு கிக் கொடுத்துவிட்டுக் கர்னலுக்குள் குதித்துவிடும். அதன்பின் அந்த 60 நொடிக்குள் யாராவது பொறுப்பேற்க வேண்டும். ஏற்க வேண்டிய வாட்ச்டாக் டிரைவரோ கர்னலுக்குள் இல்லை. பின்னால் ஏற்றிக்கொள்ளும் தனிக் கோப்பாக, அதாவது மாட்யூலாக, முக்கியக் கோப்புகள் இருக்கும் ரூட் பார்ட்டிஷனில் கிடந்தது. இனிட்ராம்எஃப்எஸ் ஸ்கிரிப்ட் சோதித்துக்கொண்டிருந்ததும் அதே பார்ட்டிஷனைத்தான். சோதனை முடிந்து அது மவுண்ட் ஆகாமல் (பயன்பாட்டுக்கு இணைக்கப்படாமல்) மாட்யூலை எடுக்க முடியாது. சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தின மாதிரி.

சரி, லேபில் ஏன் இது தெரியவில்லை? ஸ்கிரிப்டில் சோதனைக் கட்டளையோடு இருந்த ‘-எஃப்’ என்ற தேர்வு ஒவ்வொரு பூட்டிலும் முழுச் சோதனை செய்யச் சொல்கிறது. புது போர்டில் அது சில நொடியில் முடிந்துவிடும். களத்தில் மாதக்கணக்காகச் சின்னச் சின்ன லாக் கோப்புகள் குவியக் குவிய, சோதனை நேரமும் கூடி ஒரு நாள் எல்லையைத் தாண்டியிருக்கிறது.

யூ-பூட்டில் வாட்ச்டாக்கையே தொடங்காமல் விட்டுவிடலாம் என்றுதான் குழுவில் முதலில் யோசனை வந்தது. எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஆளில்லாத இடத்தில் பூட் நடுவே கர்னல் தொங்கினால் தட்டி எழுப்ப அது ஒன்றுதான் இருக்கிறது. மேலும் களத்தில் பூட்லோடரைத் திரும்ப எழுதும்போது கரண்ட் போனால் போர்டே போச்சு. அதனால் யூ-பூட்டைத் தொடாமல் கர்னல் பக்கம் மட்டும் மாற்றினோம்.

டிரைவரைக் கர்னலுக்குள்ளேயே சேர்த்தோம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வாட்ச்டாக்கைக் கண்டால், யூசர்ஸ்பேஸ் (கர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்கள், இங்கே சிஸ்டம்டி) வந்து அந்தச் சாதனத்தைத் திறக்கும்வரை கர்னலே கிக் செய்துகொண்டிருக்கும். ‘ஹேண்டில் பூட் எனேபிள்டு’ என்ற கர்னல் கான்ஃபிக் (அமைப்புத் தேர்வு) இதற்குத்தான், இயல்பாகவே ஆன் ஆகியிருக்கும். ரீபூட் சுழல் இத்தோடு நின்றுவிட்டது. பலர் இங்கேயே முடித்துக்கொள்வார்கள். ஆனால் சோதனை எங்காவது தொங்கி, சிஸ்டம்டி வராமலே போனால்? கர்னல் விசுவாசமாகக் கிக் செய்துகொண்டே இருக்கும், போர்டு பிணமாகக் கிடக்கும். அதற்குக் கெடு வைப்பது கர்னல் 5.3-இல் வந்த ‘வாட்ச்டாக்.ஓப்பன்_டைம்அவுட்’ என்ற அமைப்பு. களத்திலிருந்து வந்ததிலேயே அதிகம் நிரம்பிய போர்டில் சோதனை எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்துவிட்டு, தாராளமாக 300 நொடி கொடுத்தோம். அதற்குள் யாரும் திறக்காவிட்டால் கர்னல் கிக்கை நிறுத்திவிடும், மிச்சத்தை ஹார்டுவேர் பார்த்துக்கொள்ளும். சிஸ்டம்டி பக்கம் வாட்ச்டாக் நேரத்தைக் குறிக்கும் ‘ரன்டைம்வாட்ச்டாக்செக்’ 30 நொடி. அது பாதி இடைவெளியில், அதாவது 15 நொடிக்கு ஒருமுறை கிக் செய்யும்.

அப்புறம் வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்தோம். சிஸ்டம்டிக்குப் பதிலாக வெறுமனே தூங்கும் ஒரு நிரலை இனிட்டாக (கர்னல் முதலில் தொடங்கும் நிரலாக) வைத்தால், 300 நொடியும் ஹார்டுவேரின் மிச்ச நேரமும் கழிந்ததும் ரீசெட். சிஸ்ரிக் (கர்னலுக்கு நேரடியாகக் கட்டளை தரும் வசதி) வழியாகக் கர்னலைப் பானிக் ஆக்கி முடங்கவைத்தாலும் அப்படியே எழுந்தது. எழுந்தபின், கர்னல் தன் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் வாட்ச்டாக்கின் ‘பூட்ஸ்டேட்டஸ்’ 32 என்று காட்டினால், போன ரீசெட் வாட்ச்டாக் தந்தது என்று அர்த்தம். இப்போது எங்கள் லாகர்கள் பூட் ஆனதும் இந்த எண்ணையும் சர்வருக்கு அனுப்புகின்றன.

ஏற்கெனவே சுழலில் மாட்டிய போர்டுகளுக்கு நெட்வொர்க் வழியாக எதையும் அனுப்ப முடியாதே. புதுக் கர்னல் போட்ட எஸ்டி கார்டோடு ஆள்தான் போகவேண்டியிருந்தது. அந்த ‘-எஃப்’-ஐ எடுத்துவிட்டு, குறிப்பிட்ட எண்ணிக்கை மவுண்டுக்கு ஒருமுறை மட்டும் முழுச் சோதனை என்று வைக்கலாமா என்ற வாக்குவாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் எடுத்துவிடலாம் என்கிற கட்சி.